டீச்சர், அந்த நான்கு வரிகளையும் தனித்தனியாகப் பாருங்கள்

கேள்வி:

மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போனுக்கு மெசேஜ் ஒன்று வந்தது. "உங்கள் பார்சல் வந்துள்ளது, முகவரி முழுமையாக இல்லை, 12 மணித்தியாலத்துக்குள் திருத்தாவிட்டால் திருப்பி அனுப்பப்படும்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. மகளுக்கு ஒன்லைனில் சப்பாத்து ஓர்டர் பண்ணியிருந்தேன். அதுதான் என்று நினைத்து லிங்கை அழுத்தினேன். தபால் திணைக்களத்தின் சின்னத்தோடு ஒரு பக்கம் வந்தது. 68 ரூபாய் 50 சதம் கட்டச் சொன்னது. கிரெடிட் கார்ட் இலக்கம், முடிவுத் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் கொடுத்தேன். ஓடிபி வந்தது, போட்டேன். பிழை, மறுபடியும் போடுங்கள் என்றது. இன்னொரு ஓடிபி வந்தது, அதையும் போட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால், இரவு இரண்டு மணிக்குப் பிறகு டொலரிலும் இரண்டு தடவை பணம் போயிருக்கிறது. மொத்தம் ஒரு லட்சத்து ஐம்பத்தையாயிரம் அளவில். சனிக்கிழமை போயா, அடுத்தது ஞாயிறு. திங்கட்கிழமை ஹட்டனுக்குப் போய்க் கிளையில் சொன்னேன். கார்டை நிறுத்திவிட்டு, "ஓடிபி கொடுத்தது நீங்கள்தானே, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்றார்கள். முழுவதையும் நான்தான் கட்ட வேண்டுமா? அம்மாவின் ஈபிஎஃப் காசும் அதே கிளையில்தான் இருக்கிறது, அதில் கை வைப்பார்களா? பொலிசுக்குப் போவதா, வேண்டாமா? எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கொழும்பில் வேலை செய்யும் கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. மாதக் கூற்றையும் மெசேஜ்களையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முதலில் அம்மாவின் காசு. உங்கள் கடிதத்தில் மற்றதையெல்லாம் விட அந்த ஒரு வரியில்தான் பயம் அதிகம் தெரிகிறது. கணக்கு அம்மாவின் பெயரில் மட்டும் இருக்கிறதென்றால், உங்கள் கிரெடிட் கார்ட் கடனுக்காக அதில் யாரும் கை வைக்க முடியாது. கடன் உங்களுடையது, வைப்பு அவருடையது. ஒரே கிளையில் இருக்கிறது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. உங்கள் பெயரையும் சேர்த்த கூட்டுக் கணக்காக இருந்தால் மட்டும் கணக்குத் திறந்தபோது கையெழுத்து வைத்த பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அப்படியான கணக்குகளில் ஈடுகட்டும் உரிமை, அதாவது கடனைக் கணக்கில் இருக்கிற காசிலிருந்து வங்கியே கழித்துக்கொள்ளும் உரிமை, பற்றி ஒரு வாசகம் இருக்கலாம். தனிப் பெயரில் உள்ள கணக்கு என்றால் இன்று இரவு நிம்மதியாகத் தூங்குங்கள்.

இனி நடந்ததைப் பார்ப்போம். நான் வங்கியின் கார்ட் பிரிவில் 22 வருடம் இருந்தவன். இந்த மாதிரி முறைப்பாடுகளை எழுதி எடுத்ததும், விசாரித்ததும், சிலவற்றில் பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுத்ததும், சிலவற்றில் முடியாது என்று கடிதம் எழுதியதும் என் வேலையாக இருந்தது. அதனால் இரண்டு பக்கத்தையும் தெரிந்து சொல்கிறேன். கிளையில் உங்களுக்குச் சொன்ன பதில் பாதிக்குத்தான் பொருந்தும். உங்களுக்கு நடந்தது ஒரு கொடுக்கல் வாங்கல் அல்ல, நான்கு. நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் "ஓடிபி கொடுத்தது நீங்கள்தானே" என்று சொல்லிவிட்டார்கள். அந்த மூட்டையை அவிழ்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. "படித்தவள் இப்படி ஏமாந்துவிட்டேன்" என்று கடிதத்தின் கடைசியில் எழுதி, பிறகு வெட்டியிருக்கிறீர்கள். வெட்டியது சரி. அந்த மெசேஜ் கொழும்பு ஏழில் இருக்கிறவரை விட நம்மை ஏன் சீக்கிரம் பிடிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். "முகவரி முழுமையாக இல்லை" என்கிறது அது. நமக்கு எப்போது முகவரி முழுமையாக இருந்தது? தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம் என்கிற தொடர் வீட்டு வரிசையின் இலக்கம், பிறகு தபாற்கந்தோர். தெருவும் இல்லை, வீட்டு இலக்கமும் இல்லை. கடிதம் தோட்டத்து ஒபீசுக்கு வரும், அங்கேயே கிடக்கும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் யாராவது பெயரைக் கூப்பிட்டுக் கொடுத்தால் உண்டு. என் அக்காவுக்கு ஒரு நேர்முகப் பரீட்சைக்கு வந்த கடிதம் ஒபீஸ் மேசையில் கிடந்து, திகதி போய் ஐந்தாம் நாள் கையில் கிடைத்தது. தலவாக்கலைப் பக்கத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் அந்தக் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் நின்றது இன்னும் எனக்குக் கண்ணில் இருக்கிறது. அப்படி வளர்ந்த ஒருத்தரிடம் "முகவரி சரியில்லை, பார்சல் திரும்பிப் போய்விடும்" என்று சொன்னால் கை தானாக லிங்கைத் தேடிப் போகும். அந்த மெசேஜை எழுதினவனுக்கு மலையகம் இருப்பதே தெரிந்திருக்காது. ஆனால் நமக்கு அது பழைய காயத்திலேயே பட்டது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தபால் திணைக்களம் இப்படி லிங்க் அனுப்பிக் கார்ட் விபரம் கேட்பதில்லை. தன் பெயரில் உலவும் இந்த மோசடி பற்றி அதுவே பகிரங்கமாக எச்சரித்திருக்கிறது. அரசாங்கத்தின் இணைய முகவரிகள் ஜி.ஓ.வி. புள்ளி எல்.கே. என்று முடியும். நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கிற முகவரியில் தபால் என்ற சொல் நடுவில் இருக்கிறது, முடிவு வேறு. அனுப்பிய போன் இலக்கமும் இலங்கைக்குரிய 94இல் தொடங்கவில்லை.

சரி, இப்போது மாதக் கூற்றை எடுத்து முன்னால் வையுங்கள். அதில் 68 ரூபாய் 50 சதம் என்ற வரி எங்கே இருக்கிறது?

இல்லை. நான் இரண்டு தரம் பார்த்தேன், இல்லவே இல்லை. நீங்கள் கட்டியதாக நினைத்த அந்தத் தொகை யாருக்கும் போகவில்லை. அது பக்கத்தில் எழுதப்பட்ட வெறும் எழுத்து. வெள்ளிக்கிழமை பின்னேரம் நடந்தது இதுதான்: நீங்கள் இந்தப் பக்கம் இலக்கங்களைத் தட்டத் தட்ட, அந்தப் பக்கம் ஒருவன் அவற்றை அப்படியே ஒரு உண்மையான ஒன்லைன் கடையில் போட்டுப் பொருள் வாங்கிக்கொண்டிருந்தான். "காத்திருங்கள்" என்று வட்டம் சுற்றிய நேரம் அவன் தட்டிக்கொண்டிருந்த நேரம். அந்தக் கடை உங்கள் வங்கியைக் கேட்டது, வங்கி உங்களுக்கு ஓடிபி அனுப்பியது, நீங்கள் அதைப் பொய்ப் பக்கத்தில் போட்டீர்கள், அவன் அதை உண்மைக் கடையில் போட்டான். 23,450 ரூபாய். பிறகு "பிழை" என்று காட்டிவிட்டு இரண்டாவது தடவை வாங்கினான். 24,800 ரூபாய். இந்த இரண்டும்தான் உங்கள் கூற்றின் முதல் இரண்டு வரி.

நீங்கள் அனுப்பிய ஓடிபி மெசேஜையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் ஆறு இலக்கம். அடுத்து, இதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்ற வாசகம். அதற்குப் பிறகுதான், இரண்டாவது வரியின் நடுவில், எல்.கே.ஆர். 23,450.00. அதன் பின்னால் பெரிய ஆங்கில எழுத்தில் சுருக்கி எழுதிய ஒரு கடைப் பெயர். போன் திரையின் மேலே எட்டிப் பார்க்கிற துண்டில் முதல் வரி மட்டும்தான் தெரியும். அவசரத்தில் இருக்கிறவர் ஆறு இலக்கத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்துக்குத் திரும்பிவிடுவார். சில போன்களில் அதுவும் தேவையில்லை, விசைப்பலகைக்கு மேலே இலக்கம் தானாக வந்து நிற்கும், தொட்டால் போதும். இனிமேல் ஓடிபி வந்தால் இலக்கத்தை விடுங்கள், தொகையையும் கடைப் பெயரையும் தேடி வாசியுங்கள். அம்மாவுக்கும், மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால் போதும். அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள். அது உங்களுக்குப் பாதகமான சாட்சி என்று நினைக்கிறீர்கள். அதில் உங்களுக்குச் சாதகமும் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

கடைசி இரண்டு வரி டொலர். 118, 236. நேரம் அதிகாலை 2:14, 2:16. உங்கள் போனில் அந்த நேரத்தில் ஓடிபி எதுவும் வரவில்லை, பணம் போன பிறகு வந்த அறிவிப்பு மட்டும்தான். உங்கள் லயத்தில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் அதுவும் விடியத்தான் இறங்கியிருக்கிறது. இந்த இரண்டு வரியைப் பற்றித்தான் நீங்கள் வங்கியோடு உறுதியாகப் பேச வேண்டும்.

எப்படி ஓடிபி இல்லாமல் பணம் போகும் என்று கேட்பீர்கள். வெளிநாட்டுக் கடைகள் பலவற்றில் ஓடிபி கேட்பதா இல்லையா என்பதைக் கடைக்காரரே தீர்மானிக்கிறார். கேட்டால் வாங்குகிறவர் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவார் என்ற பயம் அவர்களுக்கு. கார்ட் இலக்கம், முடிவுத் திகதி, மூன்று இலக்கம் இருந்தால் போதும் என்று விற்றுவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலை உண்டு. ஓடிபி போன்ற சரிபார்ப்பு இல்லாமல் நடந்த ஒன்லைன் விற்பனை மோசடி என்று தெரியவந்தால், வீசா, மாஸ்டர்கார்ட் விதிகளின்படி நட்டம் பொதுவாகக் கடையின் பக்கம்தான் விழும். உங்கள் வங்கி அந்தப் பணத்தைக் கடையின் வங்கியிடமிருந்து திருப்பிக் கேட்கலாம். இதற்குச் சார்ஜ்பேக் என்று பெயர். கிளையில் முன் மேசையில் இருக்கிற பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்கலாம், தலைமைக் காரியாலயத்துக் கார்ட் பிரிவுக்கு நன்றாகத் தெரியும். அப்படித் திருப்பிக் கேட்க வழக்கமாக 120 நாள் அவகாசம் உண்டு. ஆனால் நீங்கள் வங்கிக்கு அறிவிக்க வேண்டிய காலம் அதை விடக் குறைவாக ஒப்பந்தத்தில் இருக்கலாம், அதனால் நாட்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

"கார்ட் இலக்கத்தை நான்தானே கொடுத்தேன்" என்று தயங்காதீர்கள். கார்ட் இலக்கம் ஒரு இரகசியமே அல்ல. 16 இலக்கத்தில் முதல் ஆறோ எட்டோ வங்கியையும் கார்ட் வகையையும் குறிக்கும். கடைசி இலக்கம், முன்னால் உள்ளவை ஒழுங்காக இருக்கின்றனவா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கு. மிச்சத்தைக் கணினியில் மாற்றி மாற்றிப் போட்டு ஊகிக்கிற கூட்டங்களே இருக்கின்றன. எந்த லிங்கையும் தொடாதவர்களின் கார்டிலும் பணம் போவது அதனால்தான். பெற்றோல் ஷெட்டிலும் ஹோட்டலிலும் கார்டைக் கையில் வாங்கி உள்ளே கொண்டு போகிறவர் நினைத்தால் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துவிடலாம். இலக்கத்தை ஒருவன் தெரிந்து வைத்திருப்பதால், இரவு இரண்டு மணிக்கு அவன் வாங்கியதற்கு நீங்கள் சம்மதித்ததாக ஆகிவிடாது.

முதல் இரண்டு வரியைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன், இது கஷ்டம். ஓடிபி சரியாகப் போடப்பட்டிருப்பதால் கடையின் பக்கம் பொறுப்பு போகாது, உங்கள் வங்கியின் மேல் விழும். வங்கி, ஓடிபியை வெளியில் கொடுக்கக் கூடாது என்ற ஒப்பந்த வாசகத்தைக் காட்டி உங்கள் மேல் போடும். நான் வேலையில் இருந்தபோது இப்படியானவற்றில் அதிகமாக "முடியாது" என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் கேட்காமல் விட வேண்டாம். கேட்க வேண்டியவை உண்டு. அந்தக் கடை எது, பொருள் அனுப்பப்பட்டுவிட்டதா, பணம் நிறுத்தி வைக்கப்பட்டதா என்று வங்கி விசாரித்ததா? நீங்கள் சம்மதித்தது தபாலுக்கு 68 ரூபாய் 50 சதத்துக்கு, அந்தக் கடைக்கு 23,450க்கு அல்ல என்பதை எழுத்தில் வையுங்கள். தொகை மெசேஜின் இரண்டாவது வரியில் ஒளிந்து கிடந்தது என்பதையும் படத்தோடு காட்டுங்கள். ஹட்டனில் சாமான் வாங்குவதற்கும் போன் பில் கட்டுவதற்கும் தவிர வேறெதற்கும் போகாத ஒரு கார்டில், ஒரே இரவில் நான்கு தடவை, அதில் இரண்டு அதிகாலையில் டொலரில் என்றால், வங்கியின் கண்காணிப்பில் அது ஏன் தட்டுப்படவில்லை என்று கேளுங்கள். இது நியாயமான கேள்வி. சில வேளை இதற்குப் பதில் சொல்ல முடியாமல் வங்கி ஒரு பகுதியை விட்டுக்கொடுத்ததையும் கண்டிருக்கிறேன்.

சனி, ஞாயிறு பற்றியும் ஒரு வார்த்தை. போயா என்றால் கிளை பூட்டு, ஆனால் கார்ட் நிறுத்துகிற தொலைபேசி பூட்டுவதில்லை, அது 24 மணித்தியாலமும் இருக்கும். அந்த இலக்கம் கார்டின் பின்னால் இருக்கிறது, கார்ட் தொலைந்தால் இலக்கமும் தொலையும். அதனால் அதை வீட்டுச் சுவரில் கலண்டரின் ஓரத்தில் எழுதி வையுங்கள். உங்கள் விஷயத்தில் நான்கும் சனி விடிவதற்கு முன்னமே நடந்து முடிந்துவிட்டன, திங்கள் வரை காத்திருந்ததால் கூடுதலாக ஒரு சதமும் போகவில்லை. அதை நினைத்து மனதை வருத்திக்கொள்ள வேண்டாம். அடுத்தவருக்கு நடந்தால் மட்டும் சொல்லுங்கள்: அழைத்த நிமிடமே அழைப்பு பதிவாகும், அறிவித்த பிறகு போகிற பணத்துக்கு வாடிக்கையாளர் பொறுப்பு என்று வங்கி சொல்வது கஷ்டம்.

இப்போது பில். பிணக்கு நடக்கிறது என்று முழு பில்லையும் கட்டாமல் விட்டுவிடாதீர்கள், பலர் செய்கிற பிழை அது. அந்த மாதம் நீங்களே வாங்கிய சாமானுக்கான தொகையைக் கடைசித் திகதிக்கு முன் கட்டுங்கள். இந்த நான்கு வரிக்கும் தீர்வு வரும் வரை வட்டியும் தாமதக் கட்டணமும் போட வேண்டாம், கிரிப் அறிக்கையில் நிலுவையாகக் காட்ட வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். கிரிப் என்பது கொடுகடன் தகவல் பணியகம். நாளைக்கு ஒரு வீட்டுக் கடனுக்கோ வாகன லீசிங்குக்கோ நீங்களோ கணவரோ போனால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். வங்கி நிறுத்தி வைக்க மறுத்தால் குறைந்தபட்சத் தொகையையாவது "பிணக்கில் உள்ளதை ஏற்றுக்கொள்ளாமல் கட்டுகிறேன்" என்று எழுதிவிட்டுக் கட்டுங்கள். நல்ல பெயர் கெடாது, உரிமையும் போகாது.

பொலிசுக்குப் போங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களுக்கு நடந்தது குற்றம். 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் கார்ட் போன்ற கொடுப்பனவுச் சாதனங்களை வைத்துச் செய்கிற மோசடிக்கென்றே வந்தது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கிறது. அவனைப் பிடிப்பார்களா என்று கேட்டால், பெரும்பாலும் கடல் கடந்த ஆட்கள், நம்பிக்கை குறைவு. ஆனால் முறைப்பாட்டின் பிரதி உங்கள் கோப்பில் இருந்தால் வங்கியில் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

மொழியைப் பற்றிப் பயப்படுகிறீர்கள், அந்தப் பயம் எனக்குத் தெரியும். நம் ஆட்கள் தமிழில் சொல்ல, அங்கே சிங்களத்தில் எழுத, வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்துவிட்டு வந்த கதை நம் பக்கத்து ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறது. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம், அரச காரியாலயங்களில் தமிழில் தொடர்பு கொள்ளவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை தருகிறது. ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அன்று இல்லாமல் இருக்கலாம். அதனால் வெறுங்கையோடு போக வேண்டாம். நடந்ததை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, திகதி, நேரம், தொகை எல்லாம் போட்டு, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். அதை முறைப்பாட்டோடு இணைக்கச் சொல்லுங்கள். அவர்கள் சிங்களத்தில் எழுதினால், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வரி வரியாக உங்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகு மட்டும் கையெழுத்து வையுங்கள். குறிப்பாக ஒரு வசனத்தைக் கவனியுங்கள். "நான் ஓடிபி இலக்கத்தை ஒருவருக்குக் கொடுத்தேன்" என்று சுருக்கி எழுதிவிடுவார்கள். "தபால் திணைக்களத்தின் பக்கம் என்று நம்பவைக்கப்பட்டு, 68.50 ரூபாய்க்காக அந்தப் பக்கத்தில் இட்டேன்" என்று எழுதச் சொல்லுங்கள். டொலர் இரண்டுக்கும் ஓடிபி வரவே இல்லை என்பது தனி வசனமாக வர வேண்டும். நாளைக்கு வங்கி முதலில் வாசிக்கப் போவது இந்த வசனங்களைத்தான். உங்கள் பாடசாலையிலேயே சிங்களம் படிப்பிக்கிற ஆசிரியர் இருப்பார், கூட்டிக்கொண்டு போங்கள்.

பொய்ப் பக்கத்தைப் பற்றி இலங்கை கணினி அவசர தயார்நிலை அணிக்கும் அறிவியுங்கள், இலக்கம் 101. அந்தப் பக்கத்தை முடக்க முயற்சி எடுப்பார்கள்.

வங்கி எழுத்தில் பதில் தந்து, அது உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால், அல்லது பதிலே தராமல் இழுத்தடித்தால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குப் போகலாம், தொலைபேசி 1935. முதலில் வங்கியிடம் முறைப்பாடு செய்தீர்களா என்று அங்கே கேட்பார்கள், அதனால் வரிசையை மாற்ற வேண்டாம். நிதி ஒம்புட்ஸ்மன் என்றும் ஒருவர் இருக்கிறார், வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்கைக் கேட்பதற்கென்றே உள்ள பதவி. இங்கேயெல்லாம் வாய்ப் பேச்சுக்கு இடமில்லை. கிளையில் உங்களுக்கு வாயால் சொன்ன "ஒன்றும் செய்ய முடியாது" ஒரு பதிலே அல்ல. எழுதிக் கொடுங்கள், எழுதி வாங்குங்கள்.

இன்னொன்றுக்குத் தயாராக இருங்கள். இன்னும் சில வாரத்தில் யாராவது போன் எடுத்து, நல்ல தமிழிலேயே கூட, "மத்திய வங்கியில் இருந்து பேசுகிறோம், சைபர் பொலிஸில் இருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க ஒரு சிறு கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். ஒருமுறை ஏமாந்தவரின் இலக்கம் கைமாறி விற்கப்படும். எந்த அரச நிறுவனமும் திருப்பித் தருவதற்குக் காசு கேட்காது. அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். அம்மாவிடமும் சொல்லி வையுங்கள், ஈபிஎஃப் எடுத்தவர்களைத் தேடி இப்படியான அழைப்புகள் வரும். அம்மாவின் ஏடிஎம் கார்டோடு அதன் இரகசிய இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி ஒரே பையில் வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். பக்கத்து லயத்துப் பையனிடமோ ஆட்டோக்காரத் தம்பியிடமோ இரண்டையும் கொடுத்து விடுகிற பழக்கம் நம் பெரியவர்களிடம் நிறைய உண்டு. அந்தக் காசு போனால் கிரெடிட் கார்ட் மாதிரி "கட்ட மாட்டேன்" என்று நிற்க முடியாது, கணக்கில் இருந்து அப்போதே போய்விடும்.

புதுக் கார்ட் வரும்போது அதைத் தோட்டத்து முகவரிக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹட்டன் கிளையிலேயே வந்து எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுங்கள். கைக்குக் கைமாறி ஒபீஸ் மேசையில் ஒரு வாரம் கிடக்கிற உறையில் கார்ட் இருக்கக் கூடாது. வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலையும் ஒன்லைன் கொடுக்கல் வாங்கலையும் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், வங்கியின் அப்பில் நீங்களே செய்யவும் முடியலாம். தேவைப்படுகிற நாளில் திறந்து, வாங்கி முடித்ததும் பூட்டிவிடுங்கள். சிக்னல் இல்லாத பள்ளத்தில் இருக்கிற நமக்கு, பணம் போன பிறகு வருகிற எச்சரிக்கையை விட இந்தப் பூட்டுத்தான் உதவும்.

கணவருக்கு இன்றைக்கே சொல்லுங்கள். அவர் கோபப்படலாம், அது ஒரு இரவுக்குத்தான். கார்ட் பிரிவு இருக்கிற தலைமைக் காரியாலயம் கொழும்பில் இருக்கிறது, அவரும் கொழும்பில் இருக்கிறார். மஸ்கெலியாவில் இருந்து நீங்கள் பஸ் ஏறிப் போவதை விட, உங்கள் கையெழுத்திட்ட கடிதத்தை அவர் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் சீல் வாங்கி வருவது எவ்வளவோ சுலபம்.

கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று யோசிப்பீர்கள் என்று நானே எழுதி வைத்தேன். தமிழிலேயே கொடுக்கலாம், உங்கள் பெயரையும் திகதிகளையும் மட்டும் நிரப்புங்கள். கார்டின் முழு இலக்கத்தை எழுத வேண்டாம், கடைசி நான்கு இலக்கம் போதும்.

"கார்ட் பிரிவு முகாமையாளர் அவர்களுக்கு. கீழே உள்ள நான்கு கொடுக்கல் வாங்கல்களையும் நான் ஆட்சேபிக்கிறேன். நான்கையும் தனித்தனியாக விசாரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுத்தில் பதில் தரும்படி கேட்கிறேன். 118 டொலர், 236 டொலர் ஆகிய இரண்டுக்கும் எனக்கு ஓடிபி அனுப்பப்படவில்லை, நான் சம்மதிக்கவும் இல்லை. இவற்றுக்குச் சார்ஜ்பேக் கோர வேண்டும். 23,450 ரூபாய், 24,800 ரூபாய் ஆகிய இரண்டும் தபால் திணைக்களத்தைப் போன்ற பொய்ப் பக்கம் ஒன்றின் மூலம் என்னை ஏமாற்றி எடுக்கப்பட்டவை. பணம் போன கடையின் விபரத்தையும், வங்கி எடுத்த நடவடிக்கையையும் அறியத் தரவும். தீர்வு வரும் வரை இந்த நான்குக்கும் வட்டியோ தாமதக் கட்டணமோ விதிக்க வேண்டாம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும், மெசேஜ்களின் படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன."

பொலிஸ் பிரதி கைக்கு வரத் தாமதமானால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிட்டு, பிரதியைப் பிறகு சேருங்கள். டிஸ்பியூட் ஃபோம் என்கிற பிணக்குப் படிவம் ஒன்று தனியாக நிரப்பச் சொல்வார்கள், அதிலும் நான்கு வரியையும் நான்காகவே எழுதுங்கள். வங்கியின் பதில் வந்ததும், நல்லதோ கெட்டதோ, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். 1935க்கு எழுத வேண்டி வந்தால் அந்தக் கடிதத்தையும் சேர்ந்து எழுதுவோம்.